ரெண்டு கைக்கும் வேலை

என்ன மருமவனே, விடிஞ்சு பல்லுகூட விளக்காம உள்ளங்கையில இருக்க போனையே பாத்துக்கிட்டுக் கெடக்க? உங்க அத்தை பயந்துட்டா. "பிள்ளைக்கு மெட்ராசுல எவனோ செய்வினை வச்சுட்டான், கையைப் பாக்கான், பல்லைக் கடிக்கான், தன்னால பேசுதான்"னு வேப்பங்கொழுந்து ஒடிக்கப் போயிட்டா. நாந்தான் நிப்பாட்டுனேன். செய்வினை இல்லளா, செய்தின்னு. "அதுக்கு எந்தக் கோயில்ல மந்திரிக்கணும்?"னு கேக்கா. நான் என்னத்தைச் சொல்ல?

சேதியே பாக்காதன்னு சொல்லல. 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதமா ஏத்துனப்போ திருப்பூர் பனியன் கம்பெனிக்காரனுக்குத் தூக்கம் போச்சு. அவன் பொழப்பு, அவன் முழிச்சுக் கெடந்ததுல நியாயம் இருக்கு. நீ எதுக்குய்யா ராத்திரி ரெண்டு மணிவரை முழிச்சுக் கெடந்த? உங்கிட்ட இருக்கதே ரெண்டு பனியன். ரெண்டுலயும் ஓட்டை.

கெட்ட காலம்லாம் உங்களுக்குன்னே புதுசா செஞ்சு இறக்குனதுன்னு நெனைச்சிராத. 1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை வந்துச்சு. பேப்பர்ல எது வரணும், எது வரக்கூடாதுன்னு அதிகாரி சொல்லணும். மறுவருசம் ஜனவரி 31-ல இங்க தி.மு.க. ஆட்சியையே கலைச்சாங்க. மிசா சட்டத்துல யார் யாரைப் பிடிச்சாங்கன்னு மூச்சு விடக்கூடாது. கருணாநிதி என்ன செஞ்சாரு தெரியுமா? பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா சமாதிக்கு மலர் வைக்க வர முடியாதவங்கன்னு முரசொலியில ஒரு பட்டியல் போட்டாரு. அம்புட்டுப் பேரும் உள்ள இருக்கவங்க! நான் அந்தக் கட்சிக்காரன் இல்ல. ஆனா டீக்கடை பெஞ்சுல ஒருத்தன் அதை வாசிக்க வாசிக்க, நாங்க துண்டை வாயில வச்சுப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம் பாரு! அன்னைக்கு டீ அப்படி இனிச்சுச்சு. கடைக்காரன் சீனி போட மறந்துட்டான்னு பெறவுதான் தெரிஞ்சுது.

அப்போ சேதிக்குன்னு ஒரு நேரம் உண்டு. சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவுல மாநிலச் செய்தி. ஏசுதவன் நல்லா ஏசுவான், முடிஞ்சதும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவான். உனக்கு மாடும் இல்ல.

நம்ம பனையேறி அண்ணாச்சியைப் பாத்திருப்பல்ல? கலயத்துல சுண்ணாம்பு தடவித்தான் பாளையில கட்டுவாரு. தடவுனா பதனி. தடவாம விட்டா பொழுது ஏறுதுக்குள்ள புளிச்சு நுரைச்சுக் கள்ளு. சேதியும் அதே சாறுதான். காலையில பேப்பர்ல ரெண்டு பக்கம் வாசிச்சுட்டு எந்திரிச்சா உடம்புக்குத் தெம்பு. ராத்திரி டிவியில நாலு பேரு ஆளுக்கொரு பெட்டிக்குள்ள உக்காந்து கத்துததைப் பாத்தா முழுப் போதை. கள்ளுக்காவது 1987-ல தடை போட்டாங்க. இதுக்கு எவனும் போடக் காணோம்.

இதுக்கு எங்கிட்ட ஒரு வைத்தியம் இருக்கு. ரெண்டு கையும் வேணுங்கிற பண்டமாப் பாத்துத் தின்னு. சிரிக்காத. இது சித்திரை மாசம், உடன்குடி பக்கம் பொறந்துட்டு இதைக்கூட நான் சொல்லித்தரணுமா? விளைக்குப் போனா அண்ணாச்சி பச்சை ஓலையில பட்டை மடக்கி, பதனியை ஊத்தி, நுங்கை நோண்டிப் போட்டுத் தருவாரு. அந்தப் பட்டையை ஒரு கையால பிடிச்சுப் பாரு, ஓலை விலகிச் சட்டையெல்லாம் பதனி, எறும்பு வந்து பொதுக்கூட்டம் போட்டுரும். ரெண்டு கையாலயும் ஏந்தி, மூஞ்சியை உள்ள விட்டுத்தான் குடிக்கணும். ஓலை வாசம் மூக்குல ஏறும், நுங்கு வழுக்கிக்கிட்டு வந்து நாக்குல விழும். அந்த நேரம் டெல்லியில எந்த மந்திரி ராஜினாமா பண்ணாலும் உனக்குத் தெரியாது. நீ வாயைத் துடைக்கதுக்குள்ள அவரே வாபஸ் வாங்கியிருப்பாரு.

பட்டை வேண்டாமா, மூணு கண்ணு நுங்கா சீவி வாங்கி, கட்டைவிரலை விட்டு நோண்டு. சள்ளுனு கண்ணுல தண்ணி பீச்சும். பழுத்த ஆளு நோண்டும்போதே ஒரு கண்ணைச் சுருக்கி வச்சுக்கிடுவான். தை மாசம் வந்தா அவிச்ச பனங்கிழங்கு. தோலை உரி, ரெண்டாப் பிள, நடுத்தும்பை எடு, ஒடிச்சு நாரை இழு. ஒரு கிழங்கு முடியதுக்குள்ள அம்பது வாட்ஸ்அப் உன்னைத் தாண்டிப் போயிருக்கும்.

சேதிக்கு ஒரு நேரம் மாதிரி அரசியல் பேச்சுக்கும் ஒரு இடம் உண்டு. சலூன்ல 'இங்கு அரசியல் பேசாதீர்'னு போர்டு தொங்குதுல்ல? ஊர்ல அதிகமா அரசியல் பேசுதது அதுக்குக் கீழதான். எனக்கு அந்தப் போர்டு மேல மரியாதை உண்டு. கழுத்துல கத்தி இருக்கப்போ கட்சி பேசலாமா? கத்தி பிடிச்சிருக்கவரு எந்தக் கட்சின்னு உனக்குத் தெரியுமா?

"அப்போ நாட்டைப் பத்திக் கவலையே படக்கூடாதா மாமா"ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கேக்க. படு, தாராளமாப் படு. மே 1 கிராம சபைக்கு வந்து படு. வருசத்துக்கு ஆறு தடவை கூட்டுதாங்க, ஒரு தடவையாவது உன் தலை தெரிஞ்சிருக்கா? உன் ஓட்டு இன்னும் இந்த ஊர்லதான் கெடக்கு, எந்திரிச்சு நின்னு கேக்க உனக்கு உரிமை இருக்கு. கீழத்தெருக் குழாயில தண்ணி வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அமெரிக்க அதிபருக்கு நேத்து ராத்திரி போன்ல பதில் எழுதுனியே, அவரு வாசிச்சாராமா?

காலையிலயிருந்து உன்னை இம்புட்டுப் பேச்சுப் பேசி உக்கார வச்சிருக்கது எதுக்குன்னு நெனைக்க? குழாய்த் தண்ணிக்கு ஒரு மனு எழுதணும், அத்தைகிட்ட ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கிட்டு வா. ஒரு கை தாளைப் பிடிக்கட்டும், ஒரு கை எழுதட்டும். அனுப்புநர்னு ஆரம்பி. எம்பேரைப் போட்டுராத, உம்பேரைப் போடு. மனுவுல எம்பேரைப் பாத்தாலே ஆபீசுல இருக்கவுக மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சிருதாக. எழுதி முடி, விளைக்குப் போவோம். பதனிக்குத் துட்டு நீதான் குடுக்கணும்.