இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்

"2012-ல வாங்கினது சார். இன்னும் கல்லு மாதிரி இருக்கு." நம்மவர் தன் கேமிங் கம்ப்யூட்டரை இப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பார். பொய் என்று சொல்லிவிட முடியாது. கேபினட் 2012-ல் வாங்கியதுதான். மதர்போர்டும் அதேதான். ஐ5-3470 இருந்த இடத்தில் மட்டும் இப்போது பழைய ஐ7-3770 உட்கார்ந்திருக்கிறது. 4 ஜிபி ரேம் 16 ஆகியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் மாறிவிட்டது, கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது. பவர் பட்டன் என்றைக்கோ உள்ளே போய்விட்டதால் ரீசெட் பட்டனின் ஒயரைப் பிடுங்கிப் பவர் பின்னில் செருகியிருக்கிறார். விருந்தாளி யாராவது பெரிய பட்டனை அமுக்கிவிட்டு விழித்தால் அவருக்கு ஏக சந்தோஷம். "அதில்ல, கீழ சின்னதா இருக்கு பாருங்க, அது!" திருடன் வந்தால்கூட ஆன் பண்ண முடியாதாம்.

இவரைக் கஞ்சன் என்று நினைத்தால் தப்பு. போன் வருஷத்துக்கு ஒன்று மாறும். ஸ்கூட்டர் புதுசு. கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து வைஸ் சிட்டி ஆடிய தலைமுறை. இன்று கைநிறையச் சம்பளம். இருந்தும் "புதுசு வாங்கிடேன்" என்று யாராவது சொன்னால் போதும், முகம் சிவந்துவிடும். "இதுக்கு என்ன குறைச்சல்? இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்." இதை அவர் 2018-லும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் மொட்டை மாடிக்குப் போகும். பக்கவாட்டுத் தகடு கழலும், பெயின்ட் பிரஷ் வரும், பிளோயர் வரும். ஊதும்போது ஃபேன் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்வார். அது சுழன்றால் எதிர்மின்சாரம் போர்டுக்குப் போய்விடும் என்பது அவர் கேட்பவருக்கெல்லாம் நடத்தும் பாடம். கேட்காதவருக்கும் நடத்துவார். ஒருமுறை எஸ்எம்பிஎஸ் இடுக்கில் இரண்டு பல்லி முட்டைகள் கிடைத்தன. "பாத்தியா, எவ்வளவு கதகதப்பா வெச்சிருக்கேன்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆன் செய்ததும் பீப் பீப் என்று விடாமல் அடித்தால் பதற மாட்டார். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுப்பார். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை மேலிருந்து கீழாக, ஒரே திசையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேய்ப்பார். ரப்பர் தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அமுக்குவார். திரை எழும்பும். ரப்பர் தேய்த்ததால் எழும்பியதா, கழற்றி மாட்டியதே போதுமாக இருந்ததா என்று அந்த நேரத்தில் கேட்கக்கூடாது. பையன் பரீட்சைக்கு ரப்பர் இல்லாமல் போன கதையையும் கேட்கக்கூடாது.

தெர்மல் பேஸ்ட் தனி அத்தியாயம். பிராசஸர்மேல் பூசும் இந்தப் பசை சில வருஷங்களில் சுண்ணாம்பாகக் காய்ந்துவிடும், சூடு ஹீட்சிங்குக்கு ஏறாது. துடைத்துப் புதிதாக வைத்தால் நல்ல பலன் கிடைக்கும், இது நிஜம். எவ்வளவு வைப்பது என்பதில்தான் உலகம் இரண்டுபட்டிருக்கிறது. நடுவில் மிளகளவு போதும் என்பது ஒரு கட்சி, பெருக்கல் குறி போட வேண்டும் என்பது இன்னொன்று. நம்மவர் மிளகுக் கட்சி. தன் சர்க்கரை அளவு தெரியாத மனிதருக்குப் பிராசஸரின் சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும்.

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் வீட்டு டேபிள் ஃபேன் திறந்த கேபினட்டின் பக்கம் திரும்பிவிடும்.

"ஏங்க, பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது."

"அவனுக்கு வேர்க்குது, ஆறிடும். இதுக்கு வேர்க்காதும்மா, அதான் பிரச்சினையே."

உதிரி பாகம் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு ரிச்சி தெரு. "ஜி, டிடிஆர்3 எல்லாம் இப்ப வர்றதில்ல ஜி" என்று முதல் கடைப் பையன் சொல்வான். அதற்கு அசந்தால் அவர் நம்மவரே அல்ல. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி, அதன் முடிவில் ஒரு கடை, கடைக்காரர் காலடியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் கையை விட்டால் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட ரேம் வரும். விலை பேசிவிட்டுக் கீழே இறங்கும் முகத்தைப் பார்த்தால் நிலம் பதிவு செய்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

அவர் கேம் ஆடுவாரா என்று கேட்டால், ஆடுவார். முதல் ஒரு மணி நேரம் செட்டிங்ஸ். நிழலைக் குறை, பனிமூட்டத்தை நிறுத்து, புல்லைப் பாதியாக்கு. கடைசியில் நாயகனுக்குத் தரையில் நிழலே விழாது. பேய்ப்படமோ என்று பார்ப்பவர் திகைப்பார். பிறகு திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று காட்டி ஓடும் எஃப்பிஎஸ் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரி வந்து சுட்டுவிட்டுப் போவான். "செத்துட்டீங்க மாமா" என்பான் அக்கா பையன். "58-க்குக் கீழ இறங்கவே இல்ல, பாத்தியாடா?"

இப்போது இருக்கிற கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016-ல் வந்தது. 120 வாட்தான் குடிக்கும், ஒரே ஒரு ஆறு பின் ஒயர், எஸ்எம்பிஎஸ் முனகாமல் தாங்கும். தெளிவு குறைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வித்தையை என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டுமே கொடுத்தது. 1060-க்குக் கைகொடுத்தது போட்டிக் கம்பெனியான ஏஎம்டி. 2021-ல் அது விட்ட எஃப்எஸ்ஆர் யார் கார்டிலும் ஓடும். பெற்ற வீடு கைவிட்டதும் எதிர்வீட்டுக்காரன் சோறு போட்டதும் நம்மவர் கண்கலங்கிச் சொல்லும் கதை.

ஆனால் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே! சைபர்பங்க் 2077 வந்த 2020-ல் அதன் பரிந்துரைப் பட்டியலில் 1060 இருந்தது. 2023-ல் அதே கேமுக்குப் பட்டியலைத் திருத்தினார்கள். 1060 குறைந்தபட்சத்துக்கு இறங்கிவிட்டது. கார்டு அதேதான், ஒரு தூசு குறையவில்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமோ ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. "மெதுவா ஓடினாப் பரவாயில்ல, நான் பொறுத்துக்கறேன்" என்று நம்மவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் 2025 அக்டோபர். 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 கேட்கிறது, எட்டாம் தலைமுறை பிராசஸர் கேட்கிறது. இவருடையது மூன்றாம் தலைமுறை. அதே மாதத்தோடு 1060 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரையும் என்விடியா நிறுத்திக்கொண்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். பென்ஷன்காரர் நேரில் வந்து நின்றாலும் லைஃப் சர்டிபிகேட் எங்கே என்று கேட்பார்களே, அந்த நிலைமை. எதிரே ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, கேம் ஓடுகிறது. தாளில் உயிர் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் நம்மவர் கட்சி. பழுதானதைக் குப்பையில் போடச் சொன்னால் நியாயம் உண்டு. இது பழுதாகவே இல்லையே.

அவர் துவளவில்லை. பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கண்டுபிடித்துப் பதிந்துவிட்டார். "ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கெடச்சிருக்கு" என்று ஆபீஸில் சொல்ல, எல்லோரும் கைகொடுத்தார்கள். யாருக்கு எக்ஸ்டென்ஷன் என்று அவரும் விளக்கவில்லை.

அக்கா பையன் விடுவதாக இல்லை. "ஜிடிஏ 6 வந்தா என்ன மாமா பண்ணுவீங்க?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் ட்ரெய்லர் வந்தது 2023 டிசம்பர். கேம் 2025-ல் என்றார்கள், பிறகு 2026 மே, பிறகு 2026 நவம்பர். ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் உலகமே தலையில் கைவைத்தது. இவர் வீட்டில் மட்டும் கேசரி கிண்டினார்கள்.

"நவம்பர்னு சொல்றதும் கன்சோலுக்குத்தான்டா. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர், பிசிக்கு 2015 ஏப்ரல். கணக்குப் போட்டுப் பாரு, ரெண்டு வருஷத்துல கொஞ்சம்தான் குறைச்சல். அதுவரைக்கும் இத எதுக்கு மாத்தணும்?"

"அப்புறம்?"

"வந்தவுடனே எவனாவது வாங்குவானா? பக் எல்லாம் சரி பண்ண ஒரு வருஷம் ஆகும்."