கோபுரத்தை விட்டுட்டு வா பேராண்டி

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கவிதை எழுதுறியாமே! உங்காத்தா வாசிச்சுக் காட்டுச்சு. வானளாவும் கோபுரம், மல்லிகை மணம், தூங்கா நகரம்... அடேங்கப்பா! இதை எழுத மதுரையில பொறந்து வளரணுமா ராசா? நாள்காட்டி அட்டை ஒண்ணு இருந்தாப் போதுமே.

கோபுரத்தைப் பாட ஊர்ப்பட்ட புலவனுக இருக்கானுக. நீ முடியாமப் போன கோபுரத்தைப் பாத்திருக்கியா? மீனாட்சி கோயில் புதுமண்டபத்துக்குக் கெழக்கால ராயகோபுரம்னு நிக்குது. திருமலை நாயக்கர் தொடங்குனாரு, அடிநெலையோட நின்னு போச்சு. முடிஞ்சிருந்தா மத்த கோபுரமெல்லாம் அது முன்னால பொடுசுங்கிறாக. இப்ப சுத்திக் கடை. சனம் அதுக்குள்ள பூந்து போகுது, ஒருத்தனும் அண்ணாந்து பாக்குறதில்ல. பாத்தாலும் மேல ஒண்ணுமில்ல, வானந்தான். நீ அதைத்தானப்பா தேடுன?

பக்கத்துலயே ஏழுகடல் தெரு. மீனாட்சிக்குத் தாயான காஞ்சனமாலை தீர்த்தமாட ஆசைப்பட்டான்னு சொக்கன் ஏழு கடலையும் அங்க வரவழைச்சாராம். மாமியாருக்கு இம்புட்டுச் செஞ்ச மருமகன் வேற எந்தூர்ல இருக்கான்? ஒன் கவிதையில அவரைக் காணோமே.

அப்புறம் வெளக்குத்தூண். தெனம் அதைச் சுத்தித்தான் வண்டி ஓட்டுற. கோட்டைச் சொவரை இடிச்சு அகழியைத் தூத்த பிளாக்பர்ன் கலெக்டர் நெனப்பா வச்சது. 1840-கள்ல நடந்த சோலி. அந்த வேலையைப் பாத்தவுக பேருதான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்குத் தூணு, மேஸ்திரிக்குத் தெரு. கடப்பாரை பிடிச்சவனுக்கு? ஒரு முட்டுச்சந்து கூட இல்ல. அங்கதான்யா ஒனக்கு எடம் காலியாக் கெடக்கு. நீ என்னடான்னா மல்லிகையை மோந்துக்கிட்டுத் திரியிற.

திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பக்கத்துச் சந்துல பத்துத்தூண். நாயக்கர் அரமனையில மிஞ்சுனது. தாத்தன் கட்டுன அரமனையைப் பேரன் சொக்கநாதன் பேத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனான்னு சொல்லுவாக. பேரங்க அப்பயே அப்படித்தான். நான் ஒன்னையச் சொல்லல.

கிருதுமால்னு ஒரு ஆறு ஊருக்குள்ள ஓடுது, தெரியுமா? சாக்கடைன்னு நெனச்சு மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டியிருப்ப. பாகவதத்துல கிருதமாலான்னு வருதே, அதே ஆறுதான். சத்தியவிரதராசா கையில ஏந்துன தண்ணியில பெருமாள் மீனா வந்த எடம். இன்னிக்கு வந்தா அவரும் யோசிப்பாரு. ஆனா ஒண்ணு, அங்க போய் "ஐயோ ஆறே, நீ செத்தாயோ"ன்னு ஒப்பாரி வச்சுறாத. அந்த அழுகாச்சிக் கவிதை மூட்டை மூட்டையா இருக்கு, எடைக்குப் போட்டாலும் எவனும் எடுக்க மாட்டான். அந்த ஆத்துக் கரையில குடியிருக்கிறவன் மூணு வேளையும் அங்கதான் சோறு திங்கிறான், அங்கதான் பிள்ளைக்குக் காது குத்துறான். அவன் வாசல்ல செத்த உக்காந்து, மழை பெஞ்சா தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு கேளு. சொவத்துல கோடு காட்டுவான். ஒன் உவமையெல்லாம் அந்தக் கோட்டுக்கிட்ட நிக்காது.

நோட்டை எடுத்துக்கிட்டு, ஜிப்பா மாட்டிக்கிட்டுப் போகாத. கணக்கெடுக்க வந்த ஆளுன்னு கதவைச் சாத்திருவாக.

ஒங்கத்தை தீவாளிக்குச் சேலை எடுக்கப் பத்துத்தூண் சந்துக்குப் போறாளாம், பை தூக்க ஆளு தேடுறா. நீ போ. அவ ஒரு சேலைக்கு வெலை பேசி முடிக்கிறதுக்குள்ள பத்துத் தூணையும் எண்ணிட்டுக் கவிதையும் எழுதிறலாம். எழுதுனதை ஏங்கிட்டக் கொண்டாராத. அந்தக் கடைக்காரருக்கு வாசிச்சுக் காட்டு. யாவார நேரத்துல அவரு கல்லாவை விட்டு எந்திரிச்சு வந்து தூணைப் பாத்தாருன்னா எனக்குச் சேதி அனுப்பு. அப்படியே நாலு முழ வேட்டி ஒண்ணும் எடுத்தா, கரை சின்னதா இருக்கட்டும்.