நூலில் ஒரு சந்தா

மையமே இல்லாத சமூக நாணயத்துக்கு விதி எழுதி, அதைக் கோப்பு கோப்பாக அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் ஏரவாடா சிறைப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். அந்தச் சிறையில் ராட்டை சுற்றிய காந்தி 1924 பிப்ரவரியில் விடுதலையானார். டிசம்பரில், அவர் தலைமையில் கூடிய பெல்காம் காங்கிரஸ் நூலையே உறுப்பினர் சந்தாவாக்கியது: மாதம் 2,000 கெஜம், சொந்தக் கையால் நூற்றது. வீட்டுக்கு வீடு நாணயச் சாலை! ரிசர்வ் வங்கி வருவதற்கே இன்னும் பத்து வருஷம் இருந்தது.

அதே தீர்மானத்தில் ஒரு சின்ன விலக்கும் இருந்தது. உடம்புக்கு முடியாவிட்டாலோ, நூற்க மனமில்லாவிட்டாலோ அடுத்தவர் நூற்றதைக் கொடுக்கலாம். மனமில்லாதவர்களுக்கா இங்கே பஞ்சம்? காசு கொடுத்து நூல் வாங்கி, சந்தா கட்டி, தேசபக்தர் ஆனார்கள் பலர். 1925 செப்டம்பரில் பாட்னாவில் சமரசம்: வருஷத்துக்கு நாலணா, இல்லையென்றால் 2,000 கெஜம் நூல். நூல் நாணயம் நாலணாவிடம் தோற்றது.

ஆகவே சமூக நாணய நிர்வாகிகளே, சாசனம் முதல் கோப்பா, துணைவிதி முதல் கோப்பா என்று மல்லுக்கட்ட வேண்டாம். விதிவிலக்கை மேலே வையுங்கள். உறுப்பினர்கள் படிக்கப்போவது அது ஒன்றைத்தான்.