லயத்தில் ஒரு பயிலரங்கம்

அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்லவும் இப்போது பாடத்திட்டம் வந்துவிட்டது. ஃபீட்பேக் என்று பெயர். சக ஊழியரின் வேலையில் தப்பு இருந்தால் அதை எப்போது, எந்தக் குரலில், முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று நட்சத்திர ஓட்டலின் ஏசி ஹாலில் இரண்டு நாள் வகுப்பு. மதியம் பஃபே. வெறுமனே குறை சொன்னால் நாகரிகம் தெரியாதவர் ஆகிவிடுவீர்கள். கன்ஸ்ட்ரக்டிவாகச் சொல்ல வேண்டும். அதாவது, கேட்கிறவர் மனம் நோகாமல், நன்றி சொல்லிவிட்டு, அன்றைக்கே இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைக்க எழுந்து போகும்படி சொல்ல வேண்டும்.

இந்த வித்தையில் முதல் பாடம் சாண்ட்விச். மேலே ஒரு பாராட்டு, கீழே ஒரு பாராட்டு, நடுவில் குறை. "உங்க பிரசன்டேஷன் பிரமாதம். கணக்கு எல்லாமே தப்பு. சட்டை ரொம்ப நல்லா இருக்கு." இப்படிச் சொன்னால் வேலை உருப்படுமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 1996-ல் கணக்குப் போட்டுப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலை முன்னைவிட மோசமாகி இருந்தது. பயிற்சியாளர்கள் அசரவில்லை. பயிற்சி போதவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும், இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் போடுங்கள் என்றார்கள்.

அவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த வகுப்பைப் போனக்காட்டில் வையுங்கள்.

தூரம் என்று சொல்ல முடியாது. ஐடி கம்பெனிகளின் டெக்னோபார்க் இருக்கும் அதே திருவனந்தபுரம் மாவட்டம்தான். நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் வந்துவிடும். 1990-லிருந்து டெக்னோபார்க் கட்டடம் கட்டடமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அதே மாவட்டத்தின் இந்த மூலையில் ஒரு தேயிலை ஃபாக்டரி துருப்பிடித்து நிற்கிறது. வெள்ளைக்காரன் போட்ட தோட்டம், பின்னால் மகாவீர் பிளாண்டேஷன்ஸ் கைக்கு வந்தது. பிறகு நிர்வாகம் கைவிட்டுப் போனது. ஃபாக்டரி நின்றது. தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் மரமாகிக்கொண்டிருக்கின்றன. லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கூரை ஒழுகுகிறது, சுவர் சாய்கிறது. உள்ளே இருப்பவர்களில் பலர் தமிழர்கள். பாட்டன் காலத்தில் மலை தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சம்பள பாக்கி உண்டு, பணிக்கொடை பாக்கி உண்டு. மேலே தெரிவது அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். தமிழுக்கு இலக்கணம் சொன்ன முனிவர் அங்கேதான் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அடிவாரத்தில் தமிழர்கள் எழுதும் மனுக்களை அவராவது இலக்கணப் பிழை பார்த்துக் கொடுத்திருக்கலாம்.

போனக்காட்டுக்குக் கூட்டம் வராமல் இல்லை. அகத்தியர்கூடம் ஏற பாஸ் எடுத்தவர்கள் இங்கிருந்துதான் நடக்கிறார்கள். அதைவிட, இங்கே பாழடைந்து கிடக்கும் துரை பங்களாவில் பேய் இருக்கிறது என்று கேமராவோடு வருகிறவர்கள் ஏராளம். செத்துப்போன துரையின் மகள் ஆவியாக அலைகிறாளாம். ராத்திரி முழுக்கக் காத்திருந்து, ஜன்னல் கதவு ஆடினதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். லயத்துக் கதவும்தான் ஆடுகிறது. அதற்கு வட்டம் போட ஆளில்லை. இறந்துபோன துரைச்சிறுமிக்கு இருக்கிற பார்வையாளர்கள் உயிரோடு இருக்கிற தொழிலாளிக்குக் கிடையாது. பாக்கி வைத்துவிட்டுக் காணாமல் போன நிர்வாகத்தைத் தேடி ஒரு கேமராவாவது இத்தனை ஆர்வமாக இருட்டில் உட்கார்ந்திருக்குமா, தெரியவில்லை. ஆவி என்றால் அதுதான் அசல் ஆவி.

ஆகவே பயிற்சியாளர் அவர்களே, வெள்ளைப் பலகையை இங்கே நிறுத்துங்கள். சாயாத சுவராகப் பார்த்து நிறுத்துங்கள். ரோல்பிளே செய்ய முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவைக் கூப்பிடுங்கள். எதிரே நிர்வாகத்துக்காக ஒரு நாற்காலி போடுங்கள். அது காலியாகவே இருக்கும், பரவாயில்லை, அதற்குத் தொழிலாளர்கள் பழகியவர்கள்தான். இனி அந்த அம்மாவுக்குச் சாண்ட்விச் சொல்லிக்கொடுங்கள்.

"மொதலாளி ஐயா, நீங்க பூட்டிப்போட்ட ஃபாக்டரியில பூட்டு நல்ல உறுதி. என் பணிக்கொடை இன்னும் வரல. பங்களாவுல உங்க பேய் சௌக்கியமா இருக்கு."

கை தட்டுங்கள். அடுத்த விதி, உரிய நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது. குறை நடந்த சூட்டோடு சொன்னால்தான் பலன் என்று உங்கள் ஸ்லைடில் இருக்கிறது. 1972-ன் பணிக்கொடைச் சட்டத்திலும் இப்படி ஒரு வரி இருந்தது. வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் கூலி, பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடு, தாமதித்தால் வட்டி போட்டுக் கொடு. வீடு கொடு, வைத்தியம் கொடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் கொடு என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதற்கும் முன்னாலேயே நிர்வாகத்துக்கு ஃபீட்பேக் கொடுத்துவிட்டது. நாடாளுமன்றமே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த ஃபீட்பேக். அதில் பாராட்டு எதுவும் இல்லாததால் முதலாளிகளின் மனம் நொந்துவிட்டது போலிருக்கிறது.

தோட்டத்தில் ஃபீட்பேக் என்பது புதுச் சரக்கும் அல்ல. கங்காணி காலத்திலிருந்து இருக்கிறது, என்ன, மேலேயிருந்து கீழே மட்டும் வரும். எடை போடும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். மழையில் நனைந்த கொழுந்துச் சாக்கு கொக்கியில் தொங்குகிறது. முள் ஓர் எண்ணைக் காட்டுகிறது, நோட்டில் வேறோர் எண் ஏறுகிறது. சாக்கின் எடைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, முத்தின இலை கிடக்கிறது என்று இன்னொரு கழிவு, கூடவே வசவு. பாத்திரம் பண்டம் தேய்க்கிற மாதிரி ஆளைத் தேய்த்து எடுக்கும் வசவு. அந்த வசவில் பிறந்தவள், வளர்ந்தவள், பிள்ளை பெற்றவள் யாரும் மனம் உடைந்து லீவு போட்டதில்லை. போட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் விழாது. சாஃப்ட்வேர் கம்பெனியில் "உங்க மெயில் கொஞ்சம் நீளம்" என்று சொல்வதற்கு மூன்று நாள் முன்னதாகக் காலண்டரில் அழைப்பு அனுப்புகிறார்கள். நான் அவர்களைக் கேலி செய்யவில்லை, ஊழியரிடம் மரியாதையாகப் பேசுவது நல்ல பழக்கம். அந்த மரியாதை ஏன் சம்பள வரம்பு பார்த்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

கீழேயிருந்து மேலே ஃபீட்பேக் போனால் என்ன நடக்கும்? ஒரு தடவை நடந்திருக்கிறது. போனக்காட்டில் அல்ல, மூணாறில்.

அங்கே 2005-ல் டாடா டீ விலகிக்கொண்டபோது கண்ணன் தேவன் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர், ஊழியர் பெயருக்கு வந்தன. ஆக, கொழுந்து பறிப்பவளும் பங்குதாரர், கண்ணாடி அறையில் இருப்பவரும் பங்குதாரர். சக ஊழியர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பயிற்சியாளருக்கும் கிடைக்காது. 2015-ல் அந்தச் சக ஊழியர்களின் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனது. அப்போது தினக்கூலி 232 ரூபாய், அதற்கு 21 கிலோ பறிக்க வேண்டும். செப்டம்பரில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கூட்டுக்குப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். கோஷம் தமிழில் வந்தது. யூனியன் தலைவர்கள் பேச வந்தபோது அவர்களையும் விரட்டினார்கள். இத்தனை வருஷம் எங்கள் சார்பில் கம்பெனியோடு உட்கார்ந்து டீ குடித்தது போதும் என்பதுதான் அதன் சாரம். சாண்ட்விச் கிடையாது. ரொட்டியே இல்லாத நடுப்பாகம் மட்டும். ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது, 8.33 போனஸ், மீதி கருணைத்தொகை. உழைத்தவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கும்போதும் கருணை என்று பெயர் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

கூலியை 500 ஆக்கு என்றும் கேட்டார்கள். அக்டோபரில் 301 ஆனது. கூடவே, பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆனது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் சாக்கை அழுத்துவதற்கும் மேலாண்மைப் புத்தகத்தில் ஏதாவது பெயர் இருக்கும்.

ஆளைப் பேசாதே, செயலைப் பேசு என்பது உங்கள் மூன்றாவது விதி. அதை அந்தப் பெண்கள் அப்படியே கடைப்பிடித்தார்கள். போனஸ், கூலி, லயம், ஆஸ்பத்திரி என்று செயலை மட்டும் பேசினார்கள். பதில் ஃபீட்பேக் 2017 ஏப்ரலில் ஓர் அமைச்சரிடமிருந்து வந்தது. அப்போது மின்துறை அமைச்சராக இருந்த எம்.எம். மணி மேடையில் நின்று அந்தப் போராட்டப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். போனஸைப் பற்றி எதிர்வாதம் இருந்தால் சொல்லியிருக்கலாம். இல்லாதபோது பெண்ணின் நடத்தை ஒன்றுதான் கைக்கு எட்டும். அந்தப் பெண்கள் மறுபடி மூணாறு ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. அவர் வருத்தம் தெரிவித்தார், அமைச்சராகவே தொடர்ந்தார். கேரளத்தில் எழுத்தறிவு அதிகம் என்கிறார்கள், உண்மைதான், மேடையில் பேசுவதற்கு அது கட்டாயம் இல்லை போலும்.

மூணாறில் உட்கார ஒரு ரோடு இருந்தது. ரோட்டை மறித்தால் சுற்றுலா நின்றது, சுற்றுலா நின்றால் திருவனந்தபுரத்துக்குக் காது கேட்டது. கொழுந்து பறிப்பது நின்றால் கம்பெனிக்கு நஷ்டம், எனவே அதற்கும் கேட்டது. போனக்காட்டில் யார் வேலையை நிறுத்த? வேலை ஏற்கனவே நின்றுவிட்டது. எந்த ரோட்டை மறிக்க? மறித்தால் நிற்கப்போவது அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்தான். கன்ஸ்ட்ரக்டிவாகவும் சொல்லியாயிற்று, கத்தியும் சொல்லியாயிற்று. எதிர்த்தரப்பில் மனிதர் இருந்தால்தானே எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க?

ஆனாலும் வகுப்பை ரத்து செய்ய வேண்டாம். கடைசியில் நீங்கள் கொடுக்கும் மதிப்பீட்டுப் படிவம் இருக்கிறதே, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வது, அதை லயம் லயமாகக் கொடுங்கள். வீட்டுக் கூரை எத்தனை, குடிதண்ணீர் எத்தனை, நிர்வாகத்தை அணுகும் வசதி எத்தனை என்று நிரப்பித் தருவார்கள். அவர்கள் படிவம் நிரப்பி நிரப்பித் தேர்ந்தவர்கள், தொழிலாளர் அலுவலகம், வில்லேஜ் ஆபீஸ், யூனியன் ஆபீஸ், எம்எல்ஏ ஆபீஸ் எல்லாவற்றிலும் அவர்கள் கையெழுத்து கிடக்கிறது. முடிந்ததும் சான்றிதழ் கொடுங்கள். லேமினேட் செய்து கொடுத்தால் நல்லது, கூரை ஒழுகும் இடத்தில் மாட்ட உதவும்.

பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பில்லைப் போனக்காடு எஸ்டேட் நிர்வாகத்தின் பெயருக்குப் போட்டு அனுப்புங்கள். 30 நாளுக்குள் வந்துவிடும்.