லயக் காம்பராவில் அரை முகம்: கலவானப் பக்கத்து யன்னல் வெளிச்சம் பற்றிய ஓர் ஆய்வு

இவ்வாய்வு ஒரு மூக்குத்தியால் எழுந்தது. சென்ற மே மாதம், கலவானப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கும் தம் அப்பாயியை ஆய்வாளர் போனில் படம் பிடித்தார். காம்பராவின் நடுவே, தொங்கும் பல்புக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தார். படத்தில் நெற்றி பளபளத்தது. கண்கள் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. மூக்கின் நிழல் மேலுதட்டில் இறங்கி மீசையாகியிருந்தது. மூக்குத்தியைக் காணவில்லை. "இது யாருய்யா, ஒங்க தாத்தாவா?" என்று அப்பாயி கேட்டதே இவ்வாய்வின் மூலக் கேள்வி.

முதலில் களம். அது துரைமார் காலத்தில் தொழிலாளருக்குக் கட்டிய இரட்டை லயம். காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஒன்று ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருப்பதால் பின்னால் யன்னல் வைக்க வழியில்லை. முன்னால் ஒரு கதவு, ஒரு சிறு யன்னல், அவ்வளவுதான். யன்னல் மூன்று சாண் அகலம், நான்கு சாண் உயரம். (அளவு நாடா பக்கத்துக் காம்பராவுக்கு இரவல் போய்த் திரும்பவில்லை. ஆகவே இவ்வாய்வில் சாண் என்பது ஆய்வாளரின் சாண்.)

இங்கேதான் ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய உண்மை கிடக்கிறது. முகப்படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் செய்வது என்ன? மற்ற யன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து ஒரே பக்கத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறார்கள். நிழல் கெட்டியாக விழ மறுபக்கம் கறுப்புப் பலகை வைக்கிறார்கள். லயம் கட்டிய கம்பனிகளோ அந்தச் செலவை நமக்கு வைக்கவேயில்லை. பின்னால் யன்னலே வைக்காமல் விட்டு முதல் வேலையை முடித்தார்கள். விறகடுப்புக்குப் புகைபோக்கி வைக்காமல் விட்டு இரண்டாவதையும் முடித்தார்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், கரி படிந்த சுவர் விழுங்கிவிடும். மூன்று தலைமுறை இருமலுக்குப் பின் கிடைத்த கலைக்கூடம் இது. இதற்கு இதுவரை யாரும் நன்றி சொல்லாதது பெரும் குறை.

அடுத்தது தூரம். புள்ளி விளக்கென்றால் தூரம் இரண்டு மடங்காகும்போது வெளிச்சம் நாலில் ஒன்றாகும். யன்னல் புள்ளியல்ல, ஒரு பரப்பு. அதை ஒட்டிய இடத்தில் இந்தக் கணக்கு அவ்வளவு கறாராக நடக்காது. தள்ளிப் போகப் போக நடக்கும். யன்னலுக்கு இரண்டடியில் உட்கார்ந்த அப்பாயியின் ஒவ்வொரு சுருக்கமும் விழுந்தது. எட்டடி தள்ளிக் கட்டிலில் கிடந்த சித்தப்பா ஒரு கரிய மேடாகப் பதிவானார். பிளாஸ்டிக் குடம், துணி மூட்டை, கட்சிக் கலண்டர் எல்லாம் அவரோடு சேர்ந்து இருட்டில் போயின. வீடு கூட்டாமலே பின்னணி சுத்தமானது. போனுக்கு மட்டும் இருட்டென்றால் பயம். காம்பரா முழுவதையும் வெளிச்சமாக்கப் பார்த்து முகத்தைச் சுண்ணாம்பாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

முகத்தை யன்னலுக்கு நேரே காட்டினால் தட்டையாக வரும். முழுக்கப் பக்கவாட்டில் திருப்பினால் பாதி முகம் காணாமல் போகும். அரைவாசி திருப்பினால், நிழல் பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அதை அழைக்கிறார்கள். படத்தைப் பார்த்த அப்பாயி, வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதென்று முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

பல்பை அணைக்க வேண்டும் என்பதற்கு இரத்தினபுரியே சாட்சி. குண்டு பல்பின் மஞ்சளும் மேகத்தின் நீலமும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள் காமாலை, மறு கன்னம் குளிர்க்காய்ச்சல். அங்குள்ள இரத்தினக்கல் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. நீலக்கல்லைப் பகல் வெளிச்சத்தில் விரல் நுனியில் புரட்டிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார்கள். இலங்கையில் கிடைக்கும் அலெக்சாந்திரைட் பகலில் பச்சை, குண்டு பல்பின் கீழ் சிவப்பு. ஒரு கல்லுக்கே இந்தக் கதியென்றால் மனித முகத்தைச் சொல்ல வேண்டாம்.

மழை தனி அத்தியாயத்துக்கு உரியது. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் இருக்கும் கலவானயில் வானம் மூடிக் கிடக்கும் நாட்கள் ஏராளம். மேகம் மூடினால் வானம் முழுவதும் ஒரே விளக்காகி, யன்னலில் வெயில் கீற்று இல்லாமல் மெத்தென்ற வெளிச்சம் இறங்கும். அதே மழையில் ரப்பர் மரத்துப் பட்டை நனைந்துவிடும். பால் சிரட்டைக்கு வராமல் மரமெல்லாம் வழிவதால் பால்வெட்டு நிற்கும். ஆக, படத்துக்கு மிக நல்ல நாள், கையில் வேலை இல்லாத நாள். இந்தப் பொருத்தத்தை ஆய்வாளர் சித்தியிடம் விளக்கினார். சித்தி சொன்ன பதில் அச்சுக்கு உரியதல்ல.

முன்னோடிகளில் ஒருவரையாவது சொல்லாவிட்டால் ஆய்வு நிற்காது. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரோன், இங்கிலாந்தில் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி முகப்படம் எடுத்துப் புகழ்பெற்றவர். 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் தங்கினார். கலவானப் பக்கத்துத் தண்ணீர் குக்குலே கங்கை வழியாகக் களு கங்கையில் சேர்ந்து கடலில் விழும் ஊர் அதுதான். தோட்டத்துத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். 1879இல் இறந்த அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவர் இங்கே எடுத்த படங்களில் வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆனால் 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பெயர் இருக்கிறது. குடியானவருக்கு இல்லை.

அரசாங்கத்தின் வெளிச்சக் கொள்கை இதற்கு நேர்மாறு. அதற்குப் பெயர் கட்டாயம், நிழல் ஆகாது. கடவுச்சீட்டுப் படத்தில் முகம் முழுக்க ஒரே சீராக வெளுத்திருக்க வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கு பிரித்தபோது எத்தனையோ முகங்கள் அப்படி வெளுத்தன. ஆய்வாளர் வீட்டில் உள்ள மிகப் பழைய படமும் அப்போது இந்தியாவுக்குப் போகப் போட்ட விண்ணப்பத்துக்காக டவுன் ஸ்டூடியோவில் எடுத்ததே. பதினெட்டு வயது அப்பாயி, இரண்டு காதும் தெரிய, திருடியைப் போல முழித்துக்கொண்டு நிற்கிறார். விண்ணப்பம் போனது, ஆள் போகவில்லை. அந்தப் படத்திலும் மூக்குத்தி வெள்ளையில் கரைந்துபோயிருக்கிறது.

இறுதிப் பரிசோதனை ஒரு மழைநாளில், காலை பத்து மணிக்கு நடந்தது. பழைய கோதுமை மா சாக்கைப் பிரித்து யன்னலில் கட்டினோம். வெளிச்சம் பாலாகி இறங்கியது. வெளிச்சத்தைத் திருப்பத் தாத்தாவின் வேட்டியை மறுபக்கம் பிடித்துக்கொள்ளச் சித்தப்பா எழுப்பப்பட்டார். அப்பாயியைச் சிரிக்கச் சொன்னோம். அவர் பழைய பாஸ்போட் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பன்னிரண்டு படங்களிலும் அதே முகம்.

பிறகு அவர் எழுந்து, சுளகில் அரிசியைக் கொட்டிக்கொண்டு கதவடியில் போய் உட்கார்ந்தார். இடது கை சுளகைச் சாய்த்துப் பிடிக்க, வலது கை கல்லைத் தேடியது. முகம் அரைவாசி வெளியே திரும்பியிருந்தது. கன்னத்தில் முக்கோணம். மூக்கில் ஒரு பொட்டு வெளிச்சம். ஆய்வாளர் பதறிப்போய் போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கி, மழையில் நின்று குனிந்தார்.

"ஏன்யா வாசல மறைக்கிற? தள்ளு. கல்லு தெரியல."