பன்னீர்க்கோட்டையார்

பன்னீர் பர்கர் என்று கேட்டு வாங்குகிறவர்கள், உண்மையில் ‘பன்னீர்க்கோட்டையார்’ ஒருவரைத்தான் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரம் இருக்கும் இடத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஹம்மாபுர்க் என்றொரு கோட்டை இருந்தது. புர்க் என்றால் கோட்டை. கோட்டை போய்விட்டது, பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர் ஹாம்பர்கர், நம் பட்டுக்கோட்டையார், புதுக்கோட்டையார் மாதிரி. அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு கொத்திய மாட்டிறைச்சி அமெரிக்கா போனது. அங்கே ஆங்கிலக் காதில் ‘ஹாம்’ பன்றித் தொடையாக விழ, மிச்சமிருக்கும் ‘பர்கர்’தான் பண்டத்தின் பெயராக்கும் என்று தப்பான இடத்தில் கத்தி வைத்துவிட்டார்கள். பிறகென்ன, சீஸ்கோட்டையார், சிக்கன்கோட்டையார் என்று வம்சம் பெருகிவிட்டது.

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கத்து பேக்கரி ஒன்றில், ‘வெஜ் ஹாம்பர்கர்’ என்ற பலகையைப் பார்த்து என் குன்னூர் அத்தை பின்வாங்கியபோது இதையெல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தை சுத்த சைவம்.

“ஹாம்னா என்னன்னு எனக்குத் தெரியாதாடா? எஸ்டேட்லயே வளந்தவ நான்.”

“அது பன்னி இல்ல அத்தை, கோட்டை.”

“கோட்டைக்கு எதுக்குடா மயோனைஸ்?”

பக்கத்து மேசைப் பையனின் முழங்கை வழியாக அது ஒழுகிக்கொண்டிருந்தது. அத்தை வர்க்கி வாங்கிக்கொண்டார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி; ஒரு கடிக்குப் பாதி வாய்க்குள், பாதி புடவையில். “ஊட்டியில சுட்டது, ஊட்டி வர்க்கி. இதுல ஏதாவது குழப்பம் இருக்கா?” என்றார். ஊட்டி உருளைக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜெர்மன்காரர்களிடம் இந்தத் தெளிவு கிடையாது. ஒரே மாதிரி சாசேஜை ஜெர்மனியில் ‘வியன்னாக்காரர்’ என்கிறார்கள். வியன்னாவில் ‘ஃபிராங்க்ஃபர்ட்காரர்’ என்கிறார்கள். நம்ம ஊரில் சௌசௌவுக்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்று பேர் வைத்த ஆசாமிக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்க வேண்டும். மெக்சிகோ பக்கத்துக் காய். கத்தரிக்காயும் இல்லை, பெங்களூரும் இல்லை. நீலகிரியில் மேரக்காய் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

கோட்டைக்காரர் பட்டம் எங்கள் மலைக்கு பேக்கரி வழியாகத்தான் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்களின் பழைய குறிப்புகளில் படுகர்களை ‘பர்கர்’ என்றே எழுதியிருப்பார்கள். படகா என்றால் வடக்கத்தியார். மைசூர் பக்கமிருந்து வந்தவர்கள். துரையின் காது அதைக் கோட்டைவாசியாக்கிவிட்டது. 1840களில் கேத்தியில் வந்து இறங்கிய பாசல் மிஷன் பாதிரிமார் ஜெர்மன் பேசியவர்கள். உருளைக்கிழங்கு வயலில் இத்தனை ‘பர்கர்’களா என்று திகைத்திருந்தால் அவர்கள்மேல் குற்றமில்லை.

“நம்ம குன்னூர்லயும் கோட்டை இருக்கு அத்தை” என்றேன். நான்சச் எஸ்டேட் தாண்டி ஏறினால் வருகிற பக்காசுரன் கோட்டை. இடிந்த சுவர்தான் மிச்சம்; திப்பு சுல்தான் காவல் வைத்த இடம் என்பார்கள். ஜெர்மன் கணக்குப்படி அந்த ஊர்ப் பண்டத்துக்குப் பக்காசுரபர்கர் என்று பெயர் வைத்து, பெரிய சைஸில் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஆசை காட்டினேன்.

அத்தை மடியிலிருந்த துகளைத் தட்டிவிட்டார்.

“அவன் சோத்தோட நிறுத்தலடா, வண்டி மாட்டையும் சேத்துத் தின்னவன். அவன் பர்கரும் எனக்கு ஆகாது.”