பலாப்பழத்துக்குப் போட்ட பெல்ட்

எங்கள் வீட்டுக் கார் வாசலைத் தாண்டுவதற்கு முன் நடக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். டேஷ்போர்டில் பிள்ளையார், துணைக்கு முருகன். கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா தொங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்வந்தபோது கொடுத்தது. என் மாமியாரான அத்தை, பாதுகாப்பு விஷயத்தில் மதம் பார்ப்பதில்லை. முன்பக்க பம்பரில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்த சரம். ஐந்து வயது மகனுக்குக் கன்னத்தில் மைப்பொட்டு, இடுப்பில் அரைஞாண் கயிறு, கையில் குலதெய்வம் கோயில் கயிறு. இவ்வளவையும் கட்டி முடித்த பிறகு அந்தப் பிள்ளையைப் பின் சீட்டில் அவிழ்த்துவிடுவார்கள்.

காரை ஓட்டுபவள் நான். என் வீட்டுக்காரருக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் செங்கல்பட்டு தாண்டினால் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார். அதனால் சென்னையிலிருந்து கும்பகோணம் போகும்போதெல்லாம் ஸ்டீயரிங் என் கையில், நிர்வாகம் அத்தையின் கையில். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிக்கொண்டு ஓட்டினால், ஓட்டுபவருக்கோ ஓட்ட விட்டவருக்கோ 1000 ரூபாய் அபராதம். அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எழுதியவர்களுக்குத் தமிழ்க் குடும்பத்தின் உள்கட்டமைப்பு தெரியாது என்று நினைக்கிறேன். எங்கள் காரில் ஏசி எத்தனையில் இருக்க வேண்டும், எந்த ஓட்டலில் நிறுத்த வேண்டும், பிள்ளை யார் மடியில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் பின் சீட்டில் முடிவாகிவிடும். அபராதம் மட்டும் முன் சீட்டுக்கு வரும். அந்த 1000 ரூபாய்க்கும் யாரும் பயப்படுவதில்லை. மதுராந்தகம் பக்கம் ஏசி ஓட்டலில் குடும்பத்தோடு டிபன் சாப்பிட்டால் பில் அதைத் தாண்டிவிடுகிறது.

“என் மடியைவிடவா அந்தக் கயிறு பத்திரம்?” என்பது அத்தையின் நிரந்தரக் கேள்வி. இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். பாசத்துக்கு எதிராகப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். எனவே நான் கணக்கில் இறங்கினேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். எங்கள் பையன் 17 கிலோ. பதினான்கால் பெருக்கினால் 238 கிலோ. அத்தைக்குப் புரிகிற அளவையில் சொன்னால், 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்பதரை. “அத்தை, ஒரு சிப்பத்தை ரெண்டு பேர் சேர்ந்துதான் ஸ்டோர் ரூமுக்கு நகர்த்துவோம்” என்றேன். “சிப்பம் என்ன என் பேரனா?” என்றார். அன்றைய கணக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

அத்தை ஒன்றும் தனி ஆள் இல்லை. அமெரிக்காவிலும் மடிக்கு மரியாதை இருந்திருக்கிறது. அந்த நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய மாநிலம் டென்னசி. 1977-இல் சட்டம் நிறைவேறி மறு வருஷம் அமலுக்கு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாப்பிடியாக நின்று கொண்டுவர வைத்த சட்டம் அது. அவருக்கு ‘டாக்டர் சீட் பெல்ட்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் சட்டசபையில் யாருக்கோ தாய்ப்பாசம் பொங்கி, கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு விலக்கு என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘குழந்தை நசுக்கும் திருத்தம்’. மோதலில் கைகள் குழந்தையைப் பிடித்துக்கொள்ளாது. பெரியவரின் உடம்புதான் குழந்தையைப் பிடித்து டேஷ்போர்டில் அழுத்தும். 1981-இல் அந்த வரியை எடுத்தார்கள். எங்கள் காரில் அது இன்னும் அமலில் இருந்தது.

முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது இதைவிட மோசம். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். பெரியவரின் மார்பைக் காப்பாற்ற வைத்தது, நடுவே பிள்ளை இருந்தால் பிள்ளையின் மேல்தான் அறையும். சிலர் புத்திசாலித்தனமாக மடியிலிருக்கும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். அப்பாவுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்குகிற பிள்ளையின் கதியை விளக்க வேண்டியதில்லை.

“நாங்கள்லாம் ஒரே அம்பாசிடர்ல பதினோரு பேர் பழநிக்குப் போனோம். என்ன ஆயிட்டுது?” என்று கும்பகோணத்துப் பெரியப்பா கேட்பார். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாருமே ஒன்றும் ஆகாதவர்கள். ஆனவர்கள் வந்து பதில் சொல்ல முடியாது என்பதுதான் இந்த வாதத்தின் பலமே. தவிர, அந்த அம்பாசிடர் பதினோரு பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு ஒற்றைச் சாலையில் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போனது. இன்றைய நாலுவழிச் சாலையில் முள் நூறைத் தொடுவது யாருக்கும் தெரிவதுகூட இல்லை. பெரியப்பாவுக்கு இன்னொரு நம்பிக்கை, பின் சீட்டில் பெல்ட் வேண்டாம் என்பது. 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோது அவர் உட்கார்ந்திருந்தது விலை உயர்ந்த மெர்சிடிஸ் காரின் பின் சீட்டில்தான். பெல்ட் போடவில்லை. அந்த ஒரு வாரம் பெரியப்பா பின் சீட்டில் பெல்ட் போட்டார். பிறகு செய்தி பழையதாகிவிட்டது.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் கதை வேறு. அங்கே பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்றக்கூடாது. பெண்ணைச் சுவரோடு நிறுத்தி ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, “இன்னும் நாலு சென்டிமீட்டர் இருக்கு” என்று பூஸ்டர் சீட்டில் உட்கார வைப்பவள். அதே நாத்தனார் திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் பெண்ணைத் தூக்கி முன் சீட்டில் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “ஊருக்கு வந்திருக்கா, ஃப்ரீயா இருக்கட்டுமே அண்ணி!” என்றாள். பௌதிக விதிகளிடம் யாரும் விசா கேட்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை கண்ணாடி வழியாக முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரரின் வழி சமாதான வழி, அதாவது லஞ்சம். பரனூர் டோல்கேட்டில் ஒழுங்காக உட்காரக் கடலை மிட்டாய் கொடுத்தார். ஆத்தூர் டோல்கேட்டில் பையன் எழுந்து நின்று சாக்லேட் கேட்டான். விக்கிரவாண்டியில் கைபேசியே கைமாறியது. உலகத்தில் எந்தப் பொருளுக்கும் நூறு கிலோமீட்டருக்குள் இந்த அளவு விலையேற்றம் இருந்ததில்லை. கைபேசி கைக்கு வந்ததும் அவனுக்கு நின்றுகொண்டு பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே காலை ஊன்றி நின்றான்.

பண்ருட்டியில் நிறுத்தினோம். அத்தை சாலையோரக் கடையில் ஒரு முழுப் பலாவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினார். டிக்கியில் இடமில்லை. தூக்கம் வருகிறது என்று வீட்டுக்காரர் பின் சீட்டுக்குப் போய்விட, பழம் முன் சீட்டில் ஏறியது. இன்ஜினைக் கிளப்பியதும் ‘பீப் பீப்’ என்று கார் கத்த ஆரம்பித்தது. எடையைப் பார்த்து, முன் சீட்டில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டி, பலாப்பழத்தின் குறுக்கே பெல்ட்டை இழுத்து, முள்ளில் மாட்டாமல் நெளித்து, ‘க்ளிக்’ என்று பூட்டினார். சத்தம் நின்றது. நடுவே நின்ற பையன் கேட்டான்: “பலாப்பழத்துக்கு மட்டும் ஏம்ப்பா?”

“சத்தம் வருதுடா” என்றார்.

நான் இன்ஜினை அணைத்தேன். எல்லாரும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும் என்றேன். பையன் அழுதான். வீட்டுக்காரர் இறங்கி, காற்று சரியாக இருந்த டயரை உதைத்துப் பார்த்தார். அத்தை, “ராகுகாலத்துக்குள்ள விருத்தாசலம் ரோட்டைத் தாண்டணும்னு சொன்னேனே” என்று யாரிடமோ சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா, வண்டி ரிப்பேரா?”

“வண்டி நல்லாத்தாங்க இருக்கு. ஆளுங்கதான் ரிப்பேர்.”

அவர் முன் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். “பழத்த கட்டிட்டுப் புள்ளய வுட்டுட்டீங்களே!” என்று சிரித்தார். பக்கத்துக் கடையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள்.

நான் சொன்னால் அது மருமகள் பேச்சு. நாலு பேர் பார்த்துச் சிரித்தால் அது மானப் பிரச்சினை. “டேய், உட்கார்றா! மாட்டுறா அதை!” என்று அத்தையே கையைப் பிடித்து இழுத்தார். நாடாளுமன்றம் செய்யாததைப் பண்ருட்டி செய்தது.

ஆனால் மாட்டுவதற்குக் கொக்கி வேண்டுமே! கார் வாங்கியபோது ஒரு கடையில் சீட் உறை போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று கெட்டியான உறை. பெல்ட்டின் கொக்கி மூன்றும் அதற்கு அடியில் சமாதியாகிவிட்டன. இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினேன். முதலில் முறுக்குத் துண்டுகள் வந்தன. பிறகு ஒரு ஹேர்பின், உருகி இறுகிய மிட்டாய், அத்தை போன தீபாவளியிலிருந்து தேடிக்கொண்டிருந்த கால் மெட்டி. கடைசியில் சிவப்புப் பொத்தான் வைத்த கொக்கி, பிசுபிசுப்போடு. பூட்டிப் பார்த்தால் பெல்ட் பையனின் கழுத்தை அறுத்தது. அது பெரியவர்கள் உயரத்துக்குத் தைத்தது. ஏறக்குறைய 145 செ.மீ. வளரும்வரை தோளில் சரியாக உட்காராது. பிள்ளைகள் உடனே அதைக் கக்கத்துக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெல்ட் போடாத மாதிரிதான் அர்த்தம். இதற்குத்தான் பூஸ்டர் சீட். ஊருக்குத் திரும்பியதும் வாங்கினோம். விலை சில ஆயிரம். அவனுடைய காதுகுத்து விழாவில் பிளெக்ஸ் போர்டுக்கு ஆன செலவைவிடக் குறைவுதான்.

பையனைச் சரிசெய்துவிடலாம், அவனுடைய அப்பாவைச் சரிசெய்வது பெரும்பாடு. முதுகுக்குப் பின்னால் பெல்ட்டைப் பூட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொள்வார். போலீஸைக் கண்டால் மட்டும் பெல்ட்டைப் பொன்னாடைபோல் தோளில் இழுத்துப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கொக்கியில் செருகும் வெறும் உலோகத் துண்டு ஒன்றை வாங்கி வந்தார். அதைச் செருகினால் கார் ஏமாந்து கத்தாமல் இருக்கும். இந்த வியாபாரம் எவ்வளவு பெரிது என்றால், 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு இதை நீக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. பாட்டில் திறப்பான் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் வேஷம் கட்டி விற்றிருக்கிறார்கள். 1959-இல் வோல்வோ கம்பெனியின் நீல்ஸ் போலின் இந்த மூன்று முனை பெல்ட்டை உருவாக்கினார். காப்புரிமையை வைத்துப் பணம் பண்ணாமல் எல்லாக் கம்பெனியும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள். உயிரைக் காக்கும் பொருளை இலவசமாகத் தந்தால், அதை ஏமாற்றும் பொருளைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள் நாம்.

என் வீட்டுக்காரரின் தம்பி இன்னொரு ரகம். “நம்ம வண்டி ஃபைவ் ஸ்டார், அண்ணி” என்பார். காரை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் என்ற சோதனை 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே நடக்கிறது. அதில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக 49 மதிப்பெண். ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் பொம்மைகளை வைத்து மோதிப் பார்ப்பார்கள். அந்தப் பொம்மைகள் குழந்தை இருக்கையில் ஒழுங்காகக் கட்டி உட்கார வைக்கப்பட்டவை. நட்சத்திரம் அவற்றுக்குக் கிடைத்தது. கொழுந்தனாரின் பெண்ணோ ஈசிஆர் சாலையில் சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டிக் கையாட்டிக்கொண்டு போகிறாள். அவர் மனைவி அதை ரீல்ஸ் எடுக்கிறாள். அந்த மாதிரிப் பொம்மையை வைத்து யாரும் நட்சத்திரம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பெல்ட் என்று சொன்னாலே பாட்டி அழுவார், பிள்ளை அலறும், பெரியப்பா அம்பாசிடர் கதையை எடுப்பார். அம்மா அப்பா இரண்டு பேரில் ஒருவராவது கெட்ட பெயர் எடுக்கத் துணிந்தால்தான் இது நடக்கும். ஊருக்குக் கிளம்புகிற அன்று அவசரத்தில் எதுவும் நடக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது பின் சீட்டு உறையைத் தூக்கி, அந்தக் கொக்கிகளை வெளியே எடுத்து வையுங்கள். கூடவே வருகிற முறுக்கைக் காக்கைக்குப் போட்டுவிடுங்கள்.